ஓராள் அகல வெயில்

வெயிலடிச்சான்பட்டியில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டவர் பஸ் நிலையத்துச் சோடாக்கடை பரமானந்தம். அதுவும் ஊருக்கு நல்லது செய்யவேண்டும் என்ற எண்ணத்தில் இல்லை; கடைக்கு எதிரே பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்த நர்சம்மா ஜெபராணி காலையிலிருந்து ஒரு ஆளும் வராமல் ஐஸ் பெட்டியைப் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்ததைக் காணச் சகிக்காமல்தான். ஊசி போட்ட கையைத் தேய்த்துக்கொண்டு அவர் வெயிலில் வந்து நின்றபோது, உச்சிப் பொழுதில் காலடியில் சுருண்டு கிடக்க வேண்டிய அவருடைய நிழல், பாயை உதறி விரித்ததுபோல நாலு பக்கமும் பரவி, பக்கத்தில் நின்ற கொய்யாப்பழக்காரியையும் அவள் தள்ளுவண்டியையும் சேர்த்து மூடியது. கொய்யாப்பழக்காரி அண்ணாந்து பார்த்தாள். மேகம் எதுவும் இல்லை. சரி என்று வண்டியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டாள்.

அந்த ஊரில் மரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, இருந்தவற்றையும் மிளகாய் காயப்போடும் களத்துக்கு இடைஞ்சல் என்று வெட்டியாகிவிட்டது, ஆகையால் நிழல் எங்கிருந்து வருகிறது என்று யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை, வருகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. ஊசி போட்டவர்கள் கூடக்கூட நிழல்கள் பெருகின, பெருகிய நிழல்கள் தோசைக்கல்லில் பக்கத்துப் பக்கத்தில் ஊற்றிய மாவைப்போல ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன, ஒட்டிய பிறகு எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கோழிகள் ஊசி போட்டவர்களின் பின்னாலேயே போயின. மினி பஸ் கண்டக்டர் ஊசி போட்டவர்களை வெயில் விழும் பக்கத்து சீட்டில் உட்காரச் சொல்லிச் சண்டை போட்டார். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் நிறத்தைப் பார்த்த கையோடு நிழலையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். முந்தின வருஷம் வீட்டுக்கு வீடு புகுந்து ஆட்களை வாரிக்கொண்டு போன காய்ச்சல் மறுபடியும் வந்தது, நிழலின் விளிம்புவரை வந்து, அதட்டப்பட்ட நாயைப்போல அங்கேயே சற்று நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. ஜனங்கள் அதையும் பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

மேலத்தெரு மிளகாய் வியாபாரி தவசுமணியின் மகள் சுகந்திக்கு மட்டும் நிழல் வரவில்லை.

இருபத்தெட்டு வயதில் அவளுடைய உடம்புக்குள் வேலை செய்துகொண்டிருந்தது அவளுடைய கிட்னி இல்லை, அவள் அம்மா தங்கபுஷ்பத்தினுடையது. மகளுக்குக் கொடுத்துவிட்டு ஒன்றோடு நன்றாகத்தான் நடமாடிக்கொண்டிருந்த தங்கபுஷ்பம், முதல் காய்ச்சலில், ஊசி என்ற ஒன்று ஊருக்குள் வருவதற்கு முன்பே போய்விட்டாள். கொடுத்தவள் போய்விட, கொடுத்தது மகளின் வயிற்றுக்குள் உயிரோடு இருந்தது. அதை அந்நியம் என்று உடம்பு தள்ளிவிடாமல் இருக்கச் சுகந்தி காலையும் மாலையும் மாத்திரை விழுங்கினாள். அந்த மாத்திரைதான் நிழலையும் வரவிடாமல் செய்கிறது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். ஜெபராணி மூன்று தடவை ஊசி போட்டுப் பார்த்தாள், மூன்று தடவையும் சுகந்தி வாசலில் இறங்கி நின்று பார்த்தாள், குச்சியாக ஒரு நிழல் காலடியில் கிடந்தது. உனக்கு வராவிட்டால் என்ன, மற்றவர்களுடையது உனக்கும் சேர்த்துத்தான் விழுகிறது, கூட்டத்தோடு நட, ஒற்றையாக மட்டும் நடக்காதே என்று ஜெபராணி சொன்னாள்.

அப்படித்தான் ஒன்றரை வருஷமாக வீட்டுக்குள் கிடந்தவள் ஒருநாள் காலையில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். தவசுமணியின் களத்தில் மிளகாய்க்குக் காம்பு கிள்ள வரும் கீழத்தெருப் பெண்கள் அந்த நேரத்துக்குத்தான் கூட்டமாக மேலத்தெரு வழியே நடந்து வருவார்கள், அவர்களுக்கு முன்னால் மூட்டை தூக்கும் சுடலைமுத்து நடப்பான், அவன் நிழல் தெருவின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரைக்கும் விழும். சுடலைமுத்துவின் மனைவி மாரிக்கனி, வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்து, என்ன பாப்பா வாறியா என்று கேட்டாள். சுகந்தி இறங்கி அவர்களுக்கு நடுவில் நடந்து, களத்தைத் தாண்டி, நாலு பேர் துணைக்கு வர பஸ் நிலையம்வரை போனாள். அங்கே அவளுக்கு வேலை ஒன்றும் இல்லை. பரமானந்தத்திடம் ஒரு பன்னீர் சோடா வாங்கி இரண்டு வாய் குடித்தாள், எந்தெந்த ஊருக்குப் பஸ் போகிறது என்று போர்டுகளைப் படித்தாள், திரும்பி வந்தாள். அன்றைக்கு அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். அதன் பிறகு தினமும் போனாள்.

மேலத்தெருவுக்கு அப்போதுதான் மூக்கில் வியர்த்தது.

அந்தத் தெருவுக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. கீழத்தெருக்காரர்கள் மேலத்தெருவைக் கடப்பதானால் உச்சிப் பொழுதில் மட்டும்தான் கடக்கவேண்டும், அப்போதுதான் நிழல் அவரவர் காலுக்கடியில் அடங்கிக் கிடக்கும், கோயில் கிணற்றின் மீதோ காயும் மிளகாயின் மீதோ வாசல் கோலத்தின் மீதோ விழாது. சட்டம் வந்து, போலீஸ் வந்து, பள்ளிக்கூடம் வந்து அந்த வழக்கம் போய்விட்டதாக எல்லோரும் சொன்னார்கள், அது போகவில்லை, வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளுக்குள் உட்கார்ந்திருந்தது. இப்போது உச்சிப் பொழுதிலும் அடங்காத நிழல் வந்துவிட்டது. அதைவிடச் சங்கடம், மேலத்தெருவில் விழுந்த நிழலில் முக்கால்வாசி கீழத்தெருவினுடையது. அவர்கள் வீடு தவறாமல் ஊசி போட்டிருந்தார்கள், நாலு நாள் படுத்தால் அடுப்பு எரியாது என்பதால். மேலத்தெருவில் பாதிப்பேர், ஊரே போட்டாகிவிட்டது, நாம் ஒருவர் போடாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கையைத் தடவிக்கொண்டு இருந்துவிட்டார்கள். நிழல்கள் ஒட்டிக் கிடந்ததில் யார் போட்டது யார் போடாதது என்று தெரியவுமில்லை.

கூட்டம் தவசுமணியின் களத்தில்தான் நடந்தது, அவர்தான் தெருவுக்குத் தலைவர். யாரும் வாய் திறந்து சாதியைச் சொல்லவில்லை, அந்த நாகரிகமெல்லாம் வந்துவிட்டது. மிளகாய் காயவில்லை என்றார்கள். நிழல் விழுந்து விழுந்து காய் கறுத்துப்போகிறது, பூஞ்சை பிடிக்கிறது என்றார்கள், அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. இத்தனை காலம் நம் சரக்கில் பூஞ்சை ஏறாமல் காத்தது எது, இந்த வெயில்தானே, காயைக் காப்பாற்றுகிற வெயில் ஆளைக் காப்பாற்றாதா, எந்தக் கிருமியும் இதில் கருகிவிடும் என்று ஒருவர் சொல்ல, எல்லோருக்கும் அது மிகவும் சரியாகப் பட்டது. காம்பு கிள்ளும் வேலையை ஊருக்கு வெளியே தகரக் கொட்டகைக்கு மாற்றுவது, கீழத்தெருக்காரர்கள் காட்டுப் பாதை வழியாகவே போய் வருவது என்று முடிவானது. தவசுமணி தலையாட்டினார். தலையாட்டும்போது மகள் ஞாபகம் வந்ததா என்று கேட்டால், வந்தது, கொஞ்ச நாளைக்குத்தானே என்ற ஞாபகமும் கூடவே வந்தது.

மறுநாளிலிருந்து மேலத்தெரு நெடுகிலும் தகதகவென்று பழைய வெயில் அடித்தது. மிளகாய் சலசலவென்று காய்ந்தது. சுகந்தி வழக்கமான நேரத்துக்கு வாசலில் வந்து நின்றாள், தெரு காலியாக இருந்தது, வெறும் வெயில் மட்டும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை படுத்துக் கிடந்தது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்காமார்கள் ஏன் வரவில்லை என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் கேட்டாள். வேலை அந்தப் பக்கம் மாறியிருக்கிறது, கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்றார் தவசுமணி. அவளுக்குப் புரிந்துவிட்டது.

நிழலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த காய்ச்சலுக்கு அந்தத் தெரு கிடைத்தது.

அது அவசரப்படவில்லை. முதல் வீட்டில் ஒரு சளியாகப் போய் உட்கார்ந்தது, அங்கே கொஞ்சம் பழகிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனது, போகும்போது சட்டையை மாற்றிக்கொண்டு போனது, அடுத்த வீட்டில் இன்னும் கொஞ்சம் பழகி இன்னொரு சட்டையை மாட்டிக்கொண்டது, இப்படி வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள், சட்டை மாற்றிச் சட்டை மாற்றி, தெருவின் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அதைப் பெற்ற காய்ச்சலுக்கே அதை அடையாளம் தெரிந்திருக்காது. அப்புறம் அது தெருவை விட்டு வெளியே வந்து நிழலின் விளிம்பில் நின்றது, இந்தத் தடவை திரும்பிப் போகவில்லை, ஒரு காலை உள்ளே வைத்துப் பார்த்தது. நிழல் மெலிந்திருந்தது, பல தடவை துவைத்த வேட்டியைப்போல அங்கங்கே இழைவிட்டிருந்தது. அந்த இழைகளுக்கு நடுவே நுழைந்து கீழத்தெருவுக்குப் போய் அங்கேயும் ஆட்களைப் படுக்க வைத்தது.

ஜெபராணி மறுபடியும் ஐஸ் பெட்டியோடு வந்து உட்கார்ந்தாள். மறுபடியுமா என்றது ஊர். மறுபடியும்தான் என்றாள் அவள். இன்னொரு ஊசி போட்டால்தான் நிழல் திரும்பவும் கெட்டியாகும், காய்ச்சல் ஒரு இடத்தில் தங்கித் தங்கித்தான் புதுசாகக் கற்றுக்கொள்கிறது, தங்க இடம் கொடுக்காதீர்கள் என்று தொண்டை வறளச் சொன்னாள். கோபமாகச் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை. கேட்டவர்களுக்கும் மறுத்துப் பேசத் தெம்பில்லை, ஊரே அலுத்துப்போயிருந்தது, சிலர் கையை நீட்டினார்கள், சிலர் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். கீழத்தெருவில் நடமாட முடிந்தவர்கள் வந்து போட்டுக்கொண்டார்கள். சுடலைமுத்து அதற்குள் படுத்துவிட்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்துச் சுகந்தியின் மாத்திரை தீர்ந்தது. மதுரைக்கு அவள் நேரிலேயே போக வேண்டும், ரத்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். கார் டிரைவர் காய்ச்சலில் கிடந்தான். வாடகைக் கார்க்காரன் தெருமுனைவரைதான் வருவேன், உள்ளே சக்கரம் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான். வாசலிலிருந்து தெருமுனைவரை இரண்டு பக்கமும் காய்ச்சல் வீடுகள், நடுவில் வெயில், அந்த வெயிலில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு அது உலாவிக்கொண்டிருந்தது. மாத்திரை இல்லாமல் இருந்தால் அம்மாவின் கிட்னி போய்விடும், தெருவில் இறங்கினால் மகள் போய்விடுவாள். தவசுமணி சட்டையை மாட்டிக்கொண்டு காட்டுப் பாதை வழியாகக் கீழத்தெருவுக்கு நடந்தார். அறுபத்திரண்டு வயதில் அவர் அந்தத் தெருவுக்குள் போனது அதுதான் முதல் தடவை.

மாரிக்கனி புருஷனுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். தவசுமணி குழாயடியில் தண்ணீர் பிடித்தவர்களின் நிழலிலேயே நின்று, "சுகந்தியை முக்குவரைக்கும் கொண்டுபோய் விடணும். நீங்க வந்தாத்தான் ஆகும்" என்றார்.

மாரிக்கனி கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே வந்தாள். பிறகு, "காட்டுப் பாதையா வரணுமா, தெரு வழியா வரலாமா மொதலாளி?" என்று கேட்டாள்.

தவசுமணி தரையைப் பார்த்தபடி, "தெரு வழியாவே வாங்க" என்றார்.

"உங்களுக்காக வரலை. பாப்பா எங்ககூட நடந்த பிள்ளை. அதுபோக, உங்க தெருவுல அந்தக் காய்ச்சல் குடியிருக்கிறவரைக்கும் எங்களுக்கும் விடியாது. நர்சம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க, யாரு கேட்டீங்க" என்றாள் மாரிக்கனி. அதில் காரம்கூட இல்லை, வெறும் களைப்புதான் இருந்தது.

அவர்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். வாசலில் அரைவட்டமாக நின்று சுகந்தியை நடுவில் இறங்கச் சொன்னார்கள். நிழல்கள் ஒன்றோடொன்று ஒட்டி அவளைச் சுற்றி மூடிக்கொண்டு வந்தன, வலது பக்கம் மூடியது, பின்னால் மூடியது, முன்னால் மூடியது, இடது பக்கத்தில் மட்டும் ஓராள் அகலத்துக்கு வெயில் அப்படியே நின்றது. அது சுடலைமுத்துவின் இடம். நெருங்கி நின்று பார்த்தார்கள், தள்ளி நின்று பார்த்தார்கள், ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் திறந்துகொண்டது.

மாரிக்கனி திரும்பி, "அந்த இடத்துல நீங்க நில்லுங்க மொதலாளி" என்றாள்.

அதில் சந்தேகப்பட யாருக்கும் எதுவும் இருக்கவில்லை. ஊசி வந்த முதல் வாரமே போட்டுக்கொண்டதாகத் தவசுமணி மகளிடமும் சொல்லியிருந்தார், கூட்டத்திலும் சொல்லியிருந்தார், அன்றிலிருந்து நாலு பேர் நடுவிலேயே நடந்ததால் அவர் நிழலை யாரும் தனியாகப் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போய் நின்றார். வெயில் நகரவில்லை. அவர் காலடியில் செருப்பு அகலத்துக்கு ஒரு நிழல், மகளுடையதைப் போலவே குச்சியாக விழுந்து கிடந்தது.

சுகந்தி தரையைப் பார்த்தாள், அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"உங்கம்மாவுக்குக் கிடைக்கலையேம்மா. அவ போனப்புறம் வந்த ஊசியை நான் மட்டும் எந்த மூஞ்சியோட போய்ப் போட்டுக்கிறது" என்றார் தவசுமணி. பொய் இல்லை. பெண்டாட்டி செத்த கோபத்தை அவர் யார்மீது காட்டுவது என்று தெரியாமல் அந்த ஊசியின் மீது காட்டியிருந்தார், ஊரே போட்டிருக்கும்போது தன் ஒருவனுடைய வீம்பு யாரையும் பாதிக்காது என்றும் நம்பியிருந்தார். மனுஷன் துக்கப்படும்போதும் கணக்குப் போடத்தான் செய்கிறான்.

"நேரமாச்சு, நடங்க" என்றாள் மாரிக்கனி. நடந்தார்கள். அந்த ஓராள் அகல வெயிலும் அவர்களோடு கூடவே நடந்தது, தெருமுனைவரைக்கும், சுகந்தியின் இடது தோளில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு.

மதுரையில் மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்று டாக்டர் தவசுமணியிடம் சொன்னார். அந்த மாத்திரையை நிறுத்தினால் உடம்பு காய்ச்சலோடு சண்டை போடும், கூடவே கிட்னியையும் அந்நியம் என்று தள்ளிவிடும். நிறுத்துங்கள் என்று தவசுமணி சொன்னார். காய்ச்சல் மெதுவாக இறங்கியது, அது இறங்க இறங்கத் தங்கபுஷ்பம் மிச்சம் வைத்துவிட்டுப் போனது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, ஒருநாள் மத்தியானம் முழுதாக நின்றுபோனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரே பெண்டாட்டியை இரண்டு தடவை பறிகொடுத்தவர் அந்த ஊரில் அவர் ஒருத்தர்தான்.

சுகந்தி ஊர் திரும்பியபோது கீழத்தெருக்காரர்கள் மேலத்தெரு வழியாகவே வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். யாரும் கூட்டம் போட்டு அனுமதி கொடுக்கவில்லை, தடுக்கிற தெம்பு யாரிடமும் மிச்சமில்லை, அவ்வளவுதான். தவசுமணி மதுரையிலிருந்து வந்த அன்றைக்கே ஜெபராணியின் பெஞ்சில் போய் உட்கார்ந்து கையை நீட்டிவிட்டார். மேலத்தெருக்காரர்கள் ஒவ்வொருவராக அவருக்குப் பின்னால் வந்தார்கள். சுடலைமுத்து எழுந்து உட்கார்ந்துவிட்டான், ஆனால் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது, மூட்டை தூக்கும் வேலை இனி அவனுக்கு இல்லை. சுகந்திக்கு வாரம் மூன்று நாள் டவுன் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். வெளுத்த முகத்தோடு அவள் காலை பஸ்ஸுக்குப் போவாள், பொழுது சாய வந்து அப்படியே படுத்துக்கொள்வாள்.

ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கையில் அவளாகவே ஜெபராணியின் பெஞ்சுக்குப் போய்ச் சேலையைத் தோளில் விலக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஜெபராணி தயங்கினாள்.

"இப்பத்தான் அந்த மாத்திரை இல்லையே நர்சம்மா. போட்டுப் பாருங்க" என்றாள் சுகந்தி.

போட்டுக்கொண்டு எழுந்து வெயிலில் இறங்கினாள். குச்சியாகக் காலடியில் கிடந்த நிழல் ஒரு நொடி அப்படியே கிடந்தது, பிறகு விரிந்தது. சோடாக்கடைவரை விரிந்தது, கொய்யாப்பழ வண்டியைத் தாண்டி விரிந்தது, மகளை பஸ் ஏற்றிவிட வந்து எட்டத்தில் நின்றிருந்த தவசுமணியின் கால்வரை போய், கால்மீது ஏறி, தலையையும் மூடியது. நல்ல குளிர்ந்த நிழல். முதல் தடவை பெண்டாட்டி செத்தபோதும், இரண்டாம் தடவை ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அழாத மனுஷன், அங்கேயே புழுதியில் குந்தி உட்கார்ந்து, தங்கம் போயிட்டாளே, தங்கம் போயிட்டாளே என்று வாய்விட்டு அழுதார். சுகந்தி அவர் பக்கம் வந்து, "எழுந்திரிங்கப்பா" என்றாள். கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அவளுக்கும் அழுகை வந்தது, ஆனால் அழவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது.

பஸ் வர நேரமாகும் என்றார் பரமானந்தம். சுகந்திக்குக் கால் கடுத்தது, பெஞ்சில் இடமும் இருந்தது. அப்போது எந்த ஊர்க்காரியோ ஒரு பெண், பிறந்து பத்து நாள்கூட ஆகாத பிள்ளையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, அண்ணாந்துகூடப் பார்க்காமல் அவளுடைய நிழலுக்குள் நின்றுகொண்டாள். ஊசி போட முடியாத வயசு அந்தப் பிள்ளைக்கு. உட்கார்ந்தால் நிழல் நகர்ந்துவிடும் என்பதால், சுகந்தி பஸ் வரும்வரைக்கும் நின்றுகொண்டே இருந்தாள்.